தலையில்லாத் தென்னை

கடந்த வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கிற்காக வெல்லாவெளிக்குப் போயிருந்தேன். தங்கை வீட்டில் தங்கினேன். முதல் நாள் கிழக்கு வெளுக்கத் தொடங்கிய நேரத்தில் யாரோ கதவைத் தட்டும் ஓசை கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். அதிலும் கிழக்கு மாகாணத்தில் இருந்தவன. விடியற்காலையில் கதவு தட்டப்பட்டால் நெஞ்சு படபடக்கும் பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் எவரும் இல்லை. தங்கை முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆரோ கதவத் தட்டின மாதிரி இருந்திச்சு" என்றேன்.

"அது ஆளில்ல அண்ணன். மரங்கொத்தி. ரெண்டு கிழமையா இந்தச் சத்தந்தான்" என்று விளக்குமாற்றால் குசினிப் பக்கம் காட்டினாள்.

குசினிக்குப் பின்னால் தலையில்லாத தென்னை ஒன்று நின்றது. வட்டுக் கருகி, ஓலையெல்லாம் கழன்று விழுந்து, இருபத்தைந்து அடி உயரத்தில் வெறும் தூணாக நின்ற மரம். அதன் மேற்பகுதியில் தேங்காய்ச் சிரட்டையின் வாயளவு வட்டமாக ஒரு பொந்து. பொந்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, இரத்தச் சிவப்பு முதுகோடு ஒரு பறவை நின்றது. என்னைக் கண்டதும் தண்டைச் சுற்றி மறுபக்கம் போய் மறைந்துகொண்டது. பின்பு தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்தது.

வெல்லாவெளியை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரைகள். கடலை ஒட்டிய கிழக்குக் கரை எழுவான்கரை. சூரியன் எழும் கரை. வயலும் குளமும் காடுமாக விரிந்த மேற்குக் கரை படுவான்கரை. சூரியன் படும் கரை. களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து போனால் வருவது போரதீவுப்பற்று. அந்தப் பிரதேசத்தின் செயலகம் இருக்கும் ஊர் வெல்லாவெளி. மாரியில் வெள்ளம் ஊரைச் சூழும். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் அதே நிலம் வெடித்துப் பிளக்கும். வைகாசியில் தொடங்கும் அந்தக் காற்று, மாரி மழை வரும்வரை உடம்பிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடும்.

தங்கை ஏற்கனவே முடிவு செய்திருந்தாள். "சடங்கு முடிய மரம் வெட்ட ஆள் சொல்லியிருக்கன். போன வருசம் ஆனை வந்து மூணு தென்னையத் தள்ளிப் போட்டுட்டு. இது குசினிப் பக்கம் சாய்ஞ்சு நிக்கிது. மாரிக்குள்ள விழுந்தா வீடு போயிரும்."

அவள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. படுவான்கரையில் யானை என்பது பத்திரிகைச் செய்தி அல்ல. இரவில் வேலிக்கு அப்பால் கேட்கும் மூச்சு. அந்தத் தென்னை உண்மையிலேயே குசினிப் பக்கம் சாய்ந்துதான் நின்றது. அதன் அடியில்தான் தங்கையின் பேத்தி இருந்து படிப்பாள்.

பேத்திக்கு ஒன்பது வயது. தாய் சவூதி அரேபியாவில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறாள். மூன்றாவது ஆண்டு நடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவாள். பேத்தி என்னிடம் வந்து இரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள்: "குஞ்சு இருக்கு அம்மப்பா. உள்ளுக்குள்ள சத்தம் கேக்கிது. வெட்டினா அதுகள் எங்க போகும்?"

"வேறு மரத்திற்குப் போகும்" என்றேன்.

"அம்மா இருக்கிற இடத்தில மரமே இல்லையாம். எல்லாம் மணலாம். அப்ப அங்க மரங்கொத்தி எங்க இருக்கும்?"

"அங்கே மரங்கொத்தி இராது" என்று உடனே பதில் சொல்லிவிட்டேன்.

சொன்ன பின்புதான் உறைத்தது. செய்தி மேசையில் இளைஞர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு: விசாரிக்காமல் எழுதாதே. ஒன்பது வயதுப் பிள்ளை கேட்டாள் என்பதற்காக விசாரிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். அன்றிரவு கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு படித்தேன். கொழும்புக்குத் திரும்பியதும் புத்தகங்களையும் எடுத்துப் பார்த்தேன். நான் சொன்னது இரண்டு முறை பிழை என்று தெரிந்தது.

முதலாவது பிழை, பாலைவனத்தில் மரங்கொத்தி வாழாது என்று நினைத்தது. அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிக்கோவின் வடமேற்கிலும் பரந்து கிடப்பது சொனோரா பாலைவனம். அங்கே ஓடும் ஹீலா ஆற்றின் பெயரால் அழைக்கப்படும் ஹீலா மரங்கொத்தி அந்தப் பாலைவனத்தின் நிரந்தரக் குடி. எங்கள் மைனாவின் அளவு. முதுகில் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள். தலையும் வயிறும் மங்கிய மண்ணிறம். ஆணின் உச்சியில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. வெல்லாவெளியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. எங்களுக்கு அது போதவில்லை. அந்தப் பாலைவனத்து நகரமான டூசனில் ஆண்டு முழுவதும் பெய்வது 300 மில்லிமீற்றர் அளவுதான்.

மரமில்லாத நிலத்தில் மரங்கொத்தி எதைக் கொத்தும்? கள்ளியைக் கொத்துகிறது. சவாரோ என்னும் பெருங்கள்ளி அங்கே தென்னை உயரத்திற்கு வளர்கிறது. நாற்பது அடி சாதாரணம். கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் மனிதனைப் போலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கைகளில் முதலாவது முளைக்கவே ஐம்பது, எழுபது ஆண்டுகள் செல்லும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழும் செடி. உள்ளே நீர் நிரம்பிய சதை, வெளியே முள்.

நீர் நிரம்பிய சதை என்றதும் எனக்கு ஒரு பழமொழி நினைவுக்கு வந்தது. எல்லா மரத்தையும் கொத்தித் துளைத்த மரங்கொத்தி, கடைசியில் வாழைமரத்தைக் கொத்தி அலகு சிக்கிக்கொண்டு அகப்பட்டதாகச் சிங்கள மக்கள் சொல்வார்கள். நம்மவரும் அதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வைரமான மரத்தை வெல்லலாம், சளசளத்த மரத்தை வெல்ல முடியாது என்பது அதன் பொருள். ஆனால் பாலைவனத்து மரங்கொத்திக்கு வாய்த்ததே அப்படிப்பட்ட சளசளத்த செடிதான். அது கண்டுபிடித்த வழி, காத்திருப்பது. கள்ளியின் பக்கவாட்டில் துளைத்து உள்ளே கீழ்நோக்கிக் குடைந்து ஒரு பையைப் போல ஆக்கிவிட்டு, அதில் குடியேறாமல் விட்டுவிடும். கள்ளி தன் காயத்திலிருந்து நீர் வடிந்து போகாமலிருக்கச் சுற்றிலும் ஒரு தடித்த தோலை வளர்க்கும். அது காய்ந்து மரக்கட்டை போல இறுகப் பல மாதங்கள் ஆகும். சில வேளை ஒரு வருடமும் செல்லும். அதன் பின்புதான் பறவை உள்ளே போய் முட்டையிடும். இந்த ஆண்டு குடைந்த வீடு பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்கானது.

கள்ளியும் இதனால் சாவதில்லை. தன் காயத்தை அது தானே சுவராக்கிக் கொள்கிறது. கள்ளி முதிர்ந்து செத்து, சதையெல்லாம் அழுகிக் கரைந்து போன பின்பும் அந்த இறுகிய பை அழியாமல் மணலில் கிடக்கும். அதன் வடிவத்தைப் பார்த்து அங்குள்ளவர்கள் அதற்குச் 'சப்பாத்து' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்நிலத்துப் பழங்குடி மக்கள் முற்காலத்தில் அதை எடுத்துப் பொருட்கள் வைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்தினார்கள். நாங்கள் சுரைக்குடுவையைப் பயன்படுத்தியதைப் போல.

உள்ளே பகலில் வெளியைவிடக் குளிர்ச்சி. இரவில் வெளியைவிடச் சூடு. மூன்று, நான்கு முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். எறும்பும் வண்டும் புழுவும் தின்னும். கள்ளி பூக்கும் காலத்தில் பூவில் தேன் குடிக்கும். அப்போது தலையில் மகரந்தம் அப்பிக்கொண்டு மற்றப் பூவுக்குக் கொண்டு போகும். கோடையின் உச்சத்தில் கள்ளி பழுக்கும். அந்தப் பழத்தின் சிவந்த சதையிலிருந்து உணவோடு நீரும் அதற்குக் கிடைத்துவிடும்.

இதற்குப் பின்னால்தான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இருக்கிறது. மரங்கொத்தி ஒரு பொந்தை விட்டுப் போனதும் அது வெறுமையாகக் கிடப்பதில்லை. அந்தப் பாலைவனத்தில் ஒரு குட்டி ஆந்தை இருக்கிறது. உலகத்து ஆந்தைகளில் மிகவும் எடை குறைந்தது அதுதான். நாற்பது கிராம் அளவு. அதற்குக் கள்ளியைத் துளைக்கும் அலகு கிடையாது. முள்ளுக்கு நடுவே கூடு கட்டவும் தெரியாது. மரங்கொத்தி விட்டுப்போன வீட்டில்தான் அது குடியிருக்கும். இன்னும் பல பறவைகளும் பல்லிகளும் அப்படியே. ஒரு மரங்கொத்திச் சோடி தன் வாழ்நாளில் எத்தனை குடும்பத்திற்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த வீடுகளும் இப்போது ஆபத்தில்தான் இருக்கின்றன. 2023 ஆம் ஆண்டுக் கோடையில் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 பாகை செல்சியசைத் தாண்டியது. இரவிலும் சூடு தணியவில்லை. பாலைவனத்திற்கென்றே பிறந்த சவாரோக் கள்ளிகள் கை முறிந்தும் அடியோடு சாய்ந்தும் விழுந்தன. நூறு ஆண்டு நின்ற கள்ளி விழுந்தால் அந்த இடத்தில் இன்னொன்று வளர இன்னொரு நூறு ஆண்டு வேண்டும். மரங்கொத்தியின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு.

நிற்க. நான் செய்த இரண்டாவது பிழைக்கு வருகிறேன். பேத்தி கேட்டது அமெரிக்காவைப் பற்றியல்ல. அவளுடைய அம்மா இருக்கும் நாட்டைப் பற்றி. அங்கும் மரங்கொத்தி இருக்கிறது. சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைகளிலும் அதை அடுத்த யேமனிலும் வாழ்வது அரேபிய மரங்கொத்தி. முழு அரேபியத் தீபகற்பத்திலும் நிலையாகத் தங்கி வாழும் மரங்கொத்தி அது ஒன்றே. மன்னர் இப்னு சவூதின் ஆலோசகராக இருந்த ஆங்கிலேயர் பில்பி அந்நாட்டின் மலைகளில் அலைந்தபோது சேகரித்த பறவைகளில் இதுவும் ஒன்று. 1935 ஆம் ஆண்டு அறிவியல் உலகிற்கு இது அறிமுகமானபோது பில்பியின் மனைவி டோராவின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. வேலமரங்களிலும் அத்தி மரங்களிலும் இது பொந்து குடைகிறது. விறகுக்காகவும் கால்நடைத் தீவனத்திற்காகவும் அங்கே மரங்களும் கிளைகளும் வெட்டப்படுவதுதான் இதற்குள்ள இடைஞ்சல்.

இவற்றையெல்லாம் மறுநாள் பேத்திக்குச் சொன்னேன். "நேற்று நான் சொன்னது பிழை, மகள்" என்று தொடங்கினேன். பெரியவர்கள் பிழையை ஒப்புக்கொள்வதை அவள் அதிகம் கண்டதில்லை போலும். பாலைவனத்துப் பறவையைவிட அதுதான் அவளுக்கு வியப்பாக இருந்தது.

அதன் பிறகு சடங்கு முடியும்வரை இருவருமாக அந்தத் தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு அது செம்மரங்கொத்தி. இந்தப் பறவையின் கதையும் சிறிதல்ல. யாழ்ப்பாணத்தில் உள்ள மரங்கொத்திக்கு முதுகு பொன்னிறம். தமிழ்நாட்டில் உள்ளதைப் போன்றது. மட்டக்களப்பிலும் தெற்கிலும் உள்ளதற்கு முதுகு சிவப்பு. நெடுங்காலமாக இரண்டையும் ஒரே இனத்தின் இரு நிறங்கள் என்றுதான் நூல்கள் எழுதின. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சம்பத் செனவிரத்னவும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் உருவத்தையும் மரபணுவையும் ஒப்பிட்டு, சிவப்பு முதுகுப் பறவை தனி இனமே என்று 2016 ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம் அது. இரண்டும் சந்திக்கும் வட பகுதியில் ஒன்றோடொன்று கலந்து, பொன்னுக்கும் சிவப்புக்கும் இடைப்பட்ட நிறத்திலும் பறவைகள் இருக்கின்றன. எல்லைக் கோடு போடுவதற்கு மனிதருக்கு இருக்கும் ஆர்வம் பறவைகளுக்கு இல்லை.

ஆணுக்கு உச்சி முழுவதும் சிவப்பு. பெண்ணுக்கு நெற்றிப் பக்கம் கறுப்பில் வெள்ளைப் புள்ளி; பின்கொண்டையில் மட்டும் சிவப்பு. இதைப் பேத்திதான் முதலில் பிரித்தறிந்தாள். ஒன்று உள்ளே போனால் மற்றது வெளியே வரும். வரும்போது அலை எழுந்து விழுவதைப் போல உயர்ந்து தாழ்ந்து பறந்து, குதிரை கனைப்பதை ஒத்த குரலில் கத்திக்கொண்டு வரும். தண்டில் நேராக ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். அதற்குக் காலில் இரண்டு விரல் முன்னாலும் இரண்டு விரல் பின்னாலும். வாலின் இறகுகள் விறைப்பானவை. முக்காலியின் மூன்றாவது காலைப் போல அவற்றை மரத்தில் ஊன்றிக்கொள்ளும். நாக்கின் அடி எலும்பு மண்டையைப் பின்பக்கமாகச் சுற்றி வந்திருப்பதால், அலகுக்கு வெளியே நெடுந்தூரம் நாக்கை நீட்டி எறும்பையும் புழுவையும் இழுத்தெடுக்க முடிகிறது. மரத்தை இப்படி இடித்தும் அதற்கு மூளை கலங்காமலிருப்பது மண்டை ஓடு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வதால்தான் என்று நாங்கள் படித்திருக்கிறோம். 2022 இல் வெளியான ஆய்வொன்று அது தவறு என்று காட்டியது. மண்டை சுத்தியலைப் போல விறைப்பானதே. அதிர்ச்சியைத் தாங்கினால் இடியின் பலம் வீணாகிவிடும். மூளை சிறியது என்பதால்தான் அந்த இடி அதைப் பாதிப்பதில்லை.

தென்னையை ஏன் இவ்வளவு விரும்புகிறது? தென்னைக்கு வெளிப்புறம் வைரம், உள்ளே மென்மை. வெளிச் சுவரைத் துளைத்துவிட்டால் உள்ளே குடைவது எளிது. ஆனால் ஒருவித்திலைத் தாவரமான தென்னைக்கு, சவாரோவைப் போலக் காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பும் ஆற்றல் இல்லை. துளைத்த துளை துளையாகவே இருக்கும். அதனால்தான் பட்ட தென்னை பறவைக்கும் நல்லது, தோட்டக்காரனுக்கும் நட்டமில்லை.

இப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரத்தில்தான் எனக்கு 1978 நினைவுக்கு வந்தது.

அந்த ஆண்டு நொவெம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. நான் பத்திரிகைத் தொழிலில் கால்வைத்த புதிது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாவட்டத்தின் தென்னைகளில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே ஊர்களுக்குப் போய்ச் செய்தி சேகரித்தேன். விழாமல் நின்ற மரங்களுக்குத் தலை இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் தூண்கள். வீடு எத்தனை, மரம் எத்தனை, மாடு எத்தனை என்று எண்ணி எண்ணி எழுதினேன். பின்னர் 1990 வந்தது. 2007 வந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் போரிலிருந்து தப்பிப் படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்து எழுவான்கரையின் முகாம்களுக்கு வந்தபோது, அவர்களுள் என் தங்கையும் இருந்தாள். அப்போதும் எண்ணித்தான் எழுதினேன். சில மாதங்களின் பின் அவள் திரும்பிச் சென்றபோது வீட்டுக்குக் கூரை இல்லை. வளவில் நின்ற தென்னைகளில் சில பதுங்குகுழிகளுக்குக் குற்றிகளாகிவிட்டன. வேறு சில ஷெல்பட்டுத் தலையிழந்து நின்றன.

அவ்வளவு எண்களை எழுதிய நான், அந்தத் தலையில்லாத் தூண்களை இழப்புக் கணக்கில் மட்டுமே சேர்த்தேன். அவற்றில் எவையேனும் குடியிருக்கின்றனவா என்று ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. இப்போது யோசிக்கும்போது, ஊர் முழுக்க அந்தத் தட்டல் ஓசை கேட்டிருக்க வேண்டும். செவியில் விழுந்துமிருக்கலாம். செய்தியில் அதற்கு இடமில்லை என்று விட்டிருப்பேன்.

இதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "திரும்பி வந்த மூட்டம், ராவைக்கு ரெண்டு பச்சக்கிளி அந்த மொட்டத் தென்னைக்குள்ளாலதான் போய்வரும். கூரயில்லாம நாங்க கீழ கிடக்கக்குள்ள அதுகள் மேல வீட்டுக்குள்ள இருந்திச்சு. எனக்கு அப்ப ஆத்திரம் வந்திச்சு அண்ணன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது.

பச்சைக்கிளிக்குத் துளைக்கத் தெரியாது. மைனாவுக்குத் தெரியாது. கரிச்சானுக்கும், இரவில் கத்தும் சின்ன ஆந்தைக்கும் தெரியாது. அவையெல்லாம் இந்தச் செம்முதுகுப் பறவை விட்டுப்போன வீடுகளையும் தேடித்தான் வருகின்றன. அரிசோனாவில் கள்ளி, எங்களிடம் மொட்டைத் தென்னை. பட்ட மரம் ஒன்றைக் கண்டவுடன் வெட்டிச் சுத்தம் செய்வது நல்ல குடித்தனத்திற்கு அடையாளம் என்று நாம் பழகிவிட்டோம். வளவைத் துப்புரவாக வைத்திருப்பவர் என்று பெயர் வாங்குகிறோம். அப்படி வளவுக்கு வளவு துப்புரவாக்கினால் கிளி எங்கே முட்டையிடும் என்று கேட்பதற்கு ஒன்பது வயது வேண்டியிருக்கிறது.

அதற்காக, அந்த மரத்தை வெட்டவே கூடாது என்று நான் வாதிடவில்லை. குசினிக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் மரத்தின் கீழ் உறங்கப் போவது கொழும்பில் இருக்கும் நானல்ல, தங்கையும் பேத்தியும். தூரத்தில் இருப்பவர்கள் சொல்லும் அறிவுரைகளால் படுவான்கரை மக்கள் போதியளவு அனுபவித்துவிட்டார்கள். நான் கேட்டது காலம் மட்டுமே. இந்த வகைப் பறவையின் குஞ்சுகள் பொரித்து ஏறத்தாழ மூன்று வாரத்தில் பறந்துவிடும். மாரிக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

"அப்ப ஆடி மட்டும் பாப்பம்" என்றாள் தங்கை. மரம் வெட்ட வரவிருந்தவருக்கு ஆள் அனுப்பிச் சொன்னாள். அவர் முற்பணமாக வாங்கிய ஆயிரம் ரூபாயைத் திருப்பித் தரவில்லை. அது வேறு கதை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். பொந்திலிருந்து குஞ்சு ஒன்று தலையை நீட்டியதாம். மறுநாள் இன்னொன்று. இரண்டும் மூன்று நாள் எட்டிப் பார்த்து, நாலாம் நாள் காலையில் ஒன்றன்பின் ஒன்றாக வேலியோரத்து வேம்புக்குப் பறந்தனவாம். மூன்றாவதாக ஒன்று உள்ளே இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது. அன்று முழுவதும் அண்ணாந்து பார்த்திருக்கிறாள். ஒன்றும் வரவில்லை.

ஆவணியில் மரம் வெட்டப்பட்டது. ஊர் இளைஞர்கள் இருவர் கயிறு கட்டிக் குசினிக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்தார்கள். பொந்து இருந்த நாலடித் துண்டைத் தனியாக அறுத்தெடுத்து, மேற்பக்கம் மழை இறங்காமல் ஒரு தகரத்தை அடித்து, அந்த வேம்பின் கவட்டில் கம்பியால் கட்டினார்கள். இந்த யோசனை பேத்தியுடையது என்று தங்கை சொன்னாள். தங்கையுடையது என்று பேத்தி சொன்னாள். குசினிக்கு ஆபத்தில்லாமல் வளவின் மூலையில் நிற்கும் இன்னொரு மொட்டைத் தென்னையை அப்படியே விட்டுவிடுவதென்றும் முடிவாயிற்று. யானை விட்டுவைத்தால் அது நிற்கும்.

புரட்டாதியில் நான் பேசும்போது, வேம்பில் கட்டிய துண்டுக்குள் ஒரு சோடி மைனா வைக்கோல் கொண்டு போவதாகச் செய்தி கிடைத்தது. மரங்கொத்தி அதன் பக்கமே வரவில்லை. அது மூலைத் தென்னையில் புதிதாகத் தட்டத் தொடங்கியிருந்தது.

பேத்தி அதை அந்த வெள்ளிக்கிழமையே தாயிடம் சொல்லியிருக்கிறாள். சவூதியிலும் மரங்கொத்தி இருக்கிறதென்றும், அதற்கு ஒரு அம்மாவின் பெயர் வைத்திருக்கிறார்களென்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். தாய் வேலை செய்யும் வீடு ரியாத் நகரத்தில். அந்தப் பறவை வாழும் மலைகள் அங்கிருந்து நெடுந்தூரம். இது எனக்குத் தெரியும். பேத்திக்கு நான் சொல்லவில்லை. ஒரு பத்திரிகையாளன் முழு உண்மையையும் சொல்லியிருக்க வேண்டும்தான்.

"வீட்டுக்குப் பின்னால ஒரு வேலமரம் நிக்கிதாம் அம்மப்பா. விடியக் கதவு திறக்கக்குள்ள பாக்கிறனெண்டு அம்மா சொன்னவ" என்றாள் பேத்தி.